கழலாத போல்ட்டுக்கு என்ன கூலி?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் காரின் ரிப்பேர் பில்லைப் போட்டிருந்தேன். மூத்த மருமகன் "எவ்வளவு ஆச்சு மாமா?" என்று கேட்டார். தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு பில்லைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. "லேபர் மட்டும் 3,800 ரூபாயா?" என்றது ஒன்று. "நெட்டில் இந்த வேலைக்கு 1,200தான் போட்டிருக்கு" என்றது இன்னொன்று. "வயசானவங்கன்னா மொட்டை அடிச்சிருவானுங்க பெரியப்பா, நீங்க என்னைக் கேட்டிருக்கணும்" என்று சென்னையிலிருந்து ஒரு குரல். கடைசியில் அந்தப் பட்டறைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதப்போவதாக ஒரு பிள்ளை கிளம்பியது. அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் நிறுத்தினேன் என்று குழுவில் சொன்னால் நடுவில் ஆளாளுக்குப் பேசுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 3,800 ரூபாய் நியாயமான கூலி. சொல்லப்போனால் குறைவு. அதில் ஒரு பங்கு என்னால் வந்தது, அது உங்கள் யாருக்கும் தெரியாது.

முதலில் வண்டியின் கதை. 2009ல் வாங்கிய ஆல்டோ, பலரும் அதில் ஏறியிருக்கிறீர்கள். பதினாறு வருஷமாகத் தூத்துக்குடியில்தான் இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்து கிடக்க, வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதில் போய்வந்திருக்கிறேன். இந்த ஊரில் ஜன்னல் கம்பியே பத்து வருஷத்தில் இற்றுப்போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை. நம் தெருவில் நான்கு நாள் தண்ணீர் வடியவில்லை. கார் அச்சு மூழ்கி நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதிப்பட்டு, இருக்கைகளை வெயிலில் காயவைத்து, பேட்டரியை மாற்றி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்று தோன்றவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் வாத்தியார்!

இந்த வருஷத் தொடக்கத்தில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது இடது முன்சக்கரத்திலிருந்து 'கட கட' என்று சத்தம் வர ஆரம்பித்தது. நேராகப் போனால் சத்தம் இல்லை. அதனால் நானும் முடிந்தவரை நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

அந்தச் சத்தம் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு ஐந்து நிமிடப் பாடம். அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். 1983ல் வந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு இப்படி வளைந்து கொடுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். லாரிக்கு அடியில் நீங்கள் பார்க்கிற கிராஸ் ஜாயின்ட்டைப் போட்டால் கோணம் கூடும்போது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும், வண்டி உதறும். ர்செப்பா என்ற பொறியாளர் 1920களில் ஆறு எஃகுக் குண்டுகளை வளைந்த பள்ளங்களில் ஓடவிட்டு இதற்கு ஒரு வழி கண்டார். 1959ல் இங்கிலாந்தில் வந்த மினி காருக்குப் பிறகு அது சின்னக் கார்களிலெல்லாம் பரவியது. அதுதான் சிவி ஜாயின்ட். தண்டையும் இரண்டு முனையிலும் உள்ள ஜாயின்ட்டுகளையும் சேர்த்து நம் பட்டறைகளில் 'ஆக்ஸில்' என்பார்கள், கடையில் 'டிரைவ் ஷாஃப்ட்' என்று கேட்டால் கிடைக்கும்.

அந்தக் குண்டுகளுக்கு மேல் கிரீஸ் நிரப்பி, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை போட்டிருக்கும். பூட் என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் சுழற்சியில் தெறித்துப் போய்விடும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். அப்போதே கண்டுபிடித்துச் சுத்தம் செய்து உறையை மட்டும் மாற்றினால் சில நூறு ரூபாயோடு போயிற்று. சத்தம் வந்த பிறகு ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதுதான். என் பில்லில் அது 4,200.

இனி பட்டறைக்காரன். நம் பள்ளியில் 1997ல் பத்தாம் வகுப்பு 'சி' பிரிவில் படித்தவன். நாற்பத்து மூன்று வயது ஆளை 'அவன்' என்கிறேன், மன்னிக்க வேண்டும், அவனை வேறு மாதிரிச் சொல்ல வாய் வரவில்லை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். யாரென்று புரிந்துவிட்டவர்கள் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள்.

வேலை என்னவென்று கேட்டபோது அவன் சொன்னது இது: "சார், ஆக்ஸில் மாத்துறது ரெண்டு மணி நேர வேலை. நம்ம ஊர் வண்டி, அதுவும் வெள்ளத்துல நின்ன வண்டி. கீழ போல்ட் வந்துச்சுன்னா 1,200. வரலைன்னா எவ்வளவுன்னு இப்போ சொல்லத் தெரியாது. வராத இடத்துல போன் பண்றேன்." இந்த வாக்கியத்தை நான் குழுவில் சொல்லவில்லை. நீங்கள் நெட்டில் பார்த்த 1,200ம் அவன் சொன்ன 1,200ம் ஒரே தொகைதான். அது கழலுகிற போல்ட்டுக்கான கூலி.

நான் அன்று பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. அதனால் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் நட். வண்டி தரையில் நிற்கும்போதே, ஒரு ஆள் பிரேக்கை மிதித்திருக்க, அதைத் தளர்த்த வேண்டும். அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடித்துப் பூட்டியிருப்பார்கள். அதைச் சின்ன உளியால் நிமிர்த்தாமல் திருப்பினால் மரை போய்விடும். நிமிர்த்தி, நான்கடிக் குழாயை ராடில் செருகி அழுத்தினான். 'டக்' என்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், வந்துவிட்டது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்தார்கள். வடிக்காமல் ஆக்ஸிலை உருவினால் அந்த ஓட்டை வழியாக ஆயில் தரையெல்லாம் ஓடும்.

அடுத்தது கீழே பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட். சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு இரும்புக்கு, நக்கிள் என்பார்கள், கீழே காது மாதிரி ஒரு பிளவு இருக்கும். பால் ஜாயின்ட்டின் தண்டு அதற்குள் நுழையும். குறுக்கே ஒரு போல்ட் அந்தப் பிளவை இறுக்கிப் பிடிக்கும். பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். அதனால் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க உருவி எடுத்தாக வேண்டும். அது வந்தால்தான் நக்கிளை வெளியே இழுக்கலாம், இழுத்தால்தான் ஆக்ஸில் வெளியே வரும். முழு வேலையும் அந்த ஒரு போல்ட்டில் தொங்குகிறது.

அது வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை உங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 'இரும்பு துருப்பிடித்தல், மூன்று மதிப்பெண்.' இரும்பு, ஆக்ஸிஜன், நீர். உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவதால் வேலை வேகமாக நடக்கும். அத்தோடு மணி அடித்துவிடும். துருவின் கன அளவு, அது தின்ற இரும்பின் கன அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்துச் சொல்லியிருக்க மாட்டேன். புதிதாக மாட்டும்போது கையாலேயே உள்ளே போகிற போல்ட் அது. ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் உப்புத் தண்ணீர் தங்கிவிடுகிறது. அங்கே உருவாகிற துரு வீங்குவதற்கு இடம் இல்லாமல் இரண்டு பக்கமும் நெருக்குகிறது, ஆப்பு அடித்த மாதிரி. மரை மட்டும் இறுகியிருந்தால் பரவாயில்லை. மரையில்லாத வழுவழுப்பான உடம்பும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தலை திரும்புகிற மாதிரி இருக்கும், போல்ட் நகராது.

பலத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நெம்புகோல் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 மில்லி போல்ட் ஒன்றைச் சுமார் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவார்கள் என்று வையுங்கள். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் முப்பது கிலோ எடையைத் தொங்கவிட்டால் 300 நியூட்டன் மீட்டர். ஆறு மடங்கு. போல்ட் கழலுவதற்கு முன் முறிந்துவிடும். குழாய் போட்டது ஹப் நட்டுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. அந்த வித்தியாசம் அவன் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு கட்டத்தில் நின்று, "இதுக்கு மேல போனா உள்ள முறியும் சார்" என்றான். அதை எந்தக் கருவியும் அவனுக்குச் சொல்லவில்லை.

எண்ணெய் அடித்தான், காத்திருந்தான். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நான்கு தட்டு. கொஞ்சம் இறுக்குகிற பக்கம், கொஞ்சம் தளர்த்துகிற பக்கம், மறுபடி எண்ணெய். இப்படி ஒன்றரை மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பையன் டீ வாங்கிவந்தான், நாங்கள் குடித்தோம். ஒரு மணி நேரம் சும்மா நின்றதற்குக் கூலியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் எண்ணெய் அந்த இடைவெளிக்குள் ஊறுவதற்கு வேறு வழி கிடையாது, நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் அவன் போல்ட்டின் தலையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதை யாரோ முன்னாடியே கடிச்சு வச்சிருக்காங்க சார்."

"அப்படியா?" என்றேன்.

அந்த யாரோ நான்தான். அதற்கு முந்தைய சனிக்கிழமை, யூடியூபில் ஒரு வெள்ளைக்காரத் தம்பி பதினெட்டு நிமிடத்தில் ஆக்ஸில் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, நாமும் முயன்று பார்ப்போமே என்று இறங்கினேன். (அந்த வீடியோக்களில் எல்லா போல்ட்டும் அழகாகக் கழன்றுவருகிறது, கவனித்தீர்களா? அவர்கள் யாரும் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதாகத் தெரியவில்லை.) சரியான அளவு ரிங் ஸ்பானர் என்னிடம் இல்லை. அலமாரியில் இருந்த பழைய ஸ்க்ரூ ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். அது இரண்டு தடவை வழுக்கியது. போல்ட்டின் அறுகோணத் தலையில் மூன்று முனை மழுங்கிவிட்டது, என் விரல் முட்டித் தோலும் போயிற்று. வீட்டில் 'தோட்டத்துக் கம்பி கீறிவிட்டது' என்று சொன்னேன். என் மனைவியும் இந்தப் பதிவைப் படிப்பார். பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று வண்டியை வெறும் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் கையை நீட்டினேன், ஸ்டாண்டு இல்லாமல். அறுபத்தொன்பது வயதில் செய்யக்கூடாத முட்டாள்தனம். பதினெட்டு வயதிலும் செய்யக்கூடாததுதான்.

முனை மழுங்கிய தலையில் ஸ்பானர் பிடிக்காது. அதனால் அவன் சுத்தியலால் அடித்து இறக்குகிற வகை சாக்கெட்டைப் போட்டான். திருப்பியபோது தலை மட்டும் தனியாக வந்தது, தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. மதியம் இரண்டரை மணி. இனிமேல் சூடேற்ற வேண்டும், துளைக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற என்னிடம் எழுந்து வந்து கேட்டான்: "சார், கேஸ் வச்சா பால் ஜாயின்ட் ரப்பர் கருகிரும், லோயர் ஆர்மும் சேத்து மாத்தணும். 1,500 கூட ஆகும். செய்யவா, வேண்டாமா?" செய் என்றேன்.

சூடேற்றுவதில் இருக்கிற அறிவியல் எனக்குப் பிடித்தது. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 12 மைக்ரான் விரியும். போல்ட்டைச் சுற்றியுள்ள காதை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 10 மில்லி ஓட்டை எவ்வளவு விரியும்? கணக்குப் போட்டால் 0.036 மில்லிமீட்டர். தலைமுடியில் பாதி. அந்தப் பாதி முடி அளவுக்குத்தான் இவ்வளவு பாடு. அந்த அளவு துருவின் பிடியை உடைக்கப் போதும், ஓட்டை மட்டும் சூடாகி உள்ளே இருக்கிற தண்டு சூடாவதற்கு முன் தட்ட வேண்டும். அதற்காக பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கட்டித் தொங்கவிட்டான், பிரேக் ஹோஸ் பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றினான். அடித்திருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகுதான் தீயைக் கொண்டுவந்தான். வீட்டில் முயல்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேதியியல் எச்சரிக்கை: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் தீ வைத்தால் பாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு.

தண்டு அன்றைக்கு அசையவில்லை. மறுநாள் காலை நட்ட நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்து, பெரிதாக்கிக்கொண்டே துளைத்தான். கொஞ்சம் சரிந்தால் நக்கிளின் ஓட்டை கெட்டு, நக்கிளையே மாற்ற வேண்டும். மூன்று பிட் உடைந்தது. ஓட்டைக்குள் தண்டு வெறும் ஓடாக ஆன பிறகு தட்டியதும் உதிர்ந்து வந்தது. டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்தான். அதன் பிறகும் ஆக்ஸிலின் மறுமுனை சக்கர ஹப்புக்குள் துருவேறிப் பிடித்திருந்தது, அதற்குப் புல்லர் போட்டு முக்கால் மணி நேரம். புது ஆக்ஸிலை மாட்ட ஆன நேரம் முப்பத்தைந்து நிமிடம்.

இரண்டு நாளும் சேர்த்து, நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது, பதினொரு மணி நேரம். அவனும் உதவிக்கு ஒரு பையனும். கேஸ், உடைந்த பிட், டேப் எல்லாம் குறைந்தது 500 என்று வைத்தால், மீதி 3,300. மணிக்கு 300 ரூபாய், இரண்டு பேருக்கு. சென்னை வீட்டில் ஏசியைக் கழுவிவிட்டுப் போனவருக்கு நாற்பது நிமிடத்துக்கு 700 கொடுத்ததை மருமகன் என்னிடமே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டதாகக் கேள்விப்படவில்லை.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பில்லில் ஆக்ஸில் 4,200, லோயர் ஆர்ம் 1,500, கியர் ஆயிலும் சீலும் 1,150, புது போல்ட் நட்டு 180 என்று இருந்ததே, அதை யாராவது கேட்டீர்களா? அட்டைப்பெட்டியில் விலை அச்சடித்து வந்தால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். கைக்கு விலை அச்சடிக்கவில்லை என்பதால் அங்கே மட்டும் பேரம். இது என் வீட்டிலும் நடந்ததுதான். பைப் ரிப்பேருக்கு வந்தவரிடம் ஐம்பது ரூபாய்க்கு வாசலில் நின்று வாதாடியவன் நான், குழாயை அவர் சொன்ன விலைக்கு வாங்கிவிட்டு.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் விட்டுவிடவில்லை. 'போல்ட் பிடித்துக்கொண்டது' என்று சொல்லிவிட்டால் வண்டிக்காரர் என்ன செய்வார்? அவரால் பார்க்க முடியாது, தெரியாது. ஏமாற்ற நினைப்பவனுக்கு அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. 2016ல் எனக்கே அனுபவம் உண்டு. ஊர்பேர் வேண்டாம், ஓரிடத்தில் 'ஜாம் ஆகிவிட்டது' என்று கூலியைக் கூட்டி வாங்கினார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த நட்டை யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லை, மேலே இருந்த தூசி அப்படியே இருந்தது. ஆக, சொன்னதையெல்லாம் நம்பு என்று நான் சொல்ல வரவில்லை.

என் யோசனை இதுதான். பழைய வண்டியின் அடிப்பக்க வேலைக்கு ஒரே தொகையாக மதிப்பீடு கேட்காதீர்கள். ஒரே தொகை சொல்லச் சொல்லி நெருக்கினால், நல்லவன் தன் கையிலிருந்து நஷ்டப்படுவான், இல்லாவிட்டால் எல்லோருக்கும் சேர்த்துக் கூட்டிச் சொல்லுவான், அதுவும் இல்லாவிட்டால் அவசரத்தில் குழாயைப் போட்டு முறிப்பான். கழன்றால் இவ்வளவு, கழலாவிட்டால் மணிக்கு இவ்வளவு, எந்தத் தொகை தாண்டினால் போன் செய்ய வேண்டும், இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தீ வைப்பதற்கும் வெட்டுவதற்கும் முன்பு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள், முறிந்த போல்ட் பொய் சொல்லாது. இவ்வளவுக்கும் ஒப்புக்கொண்டு செய்கிறவனிடம் கடைசியில் நெட் விலையைக் காட்டாதீர்கள்.

மாட்டும்போதும் கவனிக்க ஒன்று இருக்கிறது. பழைய போல்ட் நன்றாக வந்தாலும் அதையே திரும்பப் போட வேண்டாம். புது போல்ட்டின் உடம்பில் காப்பர் கிரீஸை மெல்லிசாகத் தடவிப் போட்டால் அடுத்த தடவை மனிதன் மாதிரி கழலும். ஆனால் மரையில் கிரீஸ் பட்டால் அதே இறுக்கத்துக்கு போல்ட் அதிகமாக இழுபடும், அதனால் கம்பெனி சொல்லாத இடத்தில், முக்கியமாக ஹப் நட்டிலும் சக்கர நட்டிலும், அப்பக் கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள், அந்த வாரமே. என்னைப் போல இரண்டு வருஷம் கழித்து அல்ல.

குழுவில் அவனைத் திட்டியதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. வகுப்பில் எதையாவது உடைத்தால் 'எழுந்து நின்று நான்தான் என்று சொல், அடிக்க மாட்டேன்' என்று உங்களிடம் சொல்லிச் சொல்லி எத்தனை பியூரெட்டுக்கு ஆள் கண்டுபிடித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போய், அந்த போல்ட்டைக் கடித்தது நான்தான் என்றேன்.

"தெரியும் சார். கடிச்ச இடம் பளபளன்னு புதுசா இருந்துச்சு. உங்க விரல்லயும் கட்டு இருந்துச்சு" என்றான். கை வேலையிலிருந்து நிமிரவில்லை.

"அப்போ ஏம்ப்பா கேக்கல?"

"என்னத்த சார் கேக்க."

கூடுதலாகக் கொடுக்கப் போன ஐநூறை வாங்க மறுத்துவிட்டான். சரி என்று பஜாருக்குப் போய் உடைந்துபோனதற்குப் பதிலாக ட்ரில் பிட் செட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது மரத்துக்குப் போடுற பிட்டு" என்றான். மறுபடி போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

கார் இப்போது சத்தமில்லாமல் திரும்புகிறது. வலது பக்க பூட்டிலும் மடிப்பில் விரிசல் விட்டிருப்பதாகக் காட்டினான், ஜாயின்ட் இன்னும் கெடவில்லையாம். பொங்கலுக்குள் பூட்டை மட்டும் மாற்றிவிட நாள் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்துப் போல்ட்டையும் கழற்றத்தான் வேண்டும். மூன்று நாள் முன்னதாகவே தினமும் காலையில் வந்து எண்ணெய் அடித்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறான், நான் அடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான்.